கோவில் வளாகத்தில் குளிர்காலப் பறவைக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவில் என்று இங்கே சொல்வது நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்துக் கிராமங்களில் சொல்கிறபடி தேவாலயத்தைத்தான். கோபுரமும் மணிக்கூண்டும், முற்றத்தில் ஒரு ஆலமரமோ வேம்போ, பின்னால் கல்லறைத் தோட்டம், பக்கத்தில் குருமனை, மதிலைத் தாண்டினால் பனையும் உடைமரமும். இப்படிப்பட்ட ஒன்றிரண்டு ஏக்கர் இடத்தில் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பறவைகளை எண்ணுவது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

குளத்தை விட்டுவிட்டு ஏன் கோவில் வளாகத்தில் எண்ண வேண்டும்?

குளத்துப் பறவைகளை எண்ண ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. நெல்லைப் பக்கம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் தனியாக ஒரு கணக்கெடுப்பும் உண்டு. கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்து வந்தால் அன்றே செய்தி பரவிவிடும். ஆனால் வட இந்தியாவிலிருந்தும் இமயமலைக்கு அப்பாலிருந்தும் வந்து ஊருக்குள் மரத்திலும் தரையிலும் தங்கிப் போகிற சிறு பறவைகளை யாரும் எண்ணுவதில்லை. மாங்குயில், ஆறுமணிக்குருவி, பழுப்புக் கீச்சான், அரசவால் ஈப்பிடிப்பான் எல்லாம் அந்த வகை.

இவற்றுக்கு வேண்டியது மூன்றே: பழைய மரம், உழாத தரை, மருந்தடிக்காத புதர். வயலில் இவை கிடையாது. வீட்டுத் தோட்டங்களிலும் குறைந்துவிட்டன. கல்லறைத் தோட்டத்தில் மூன்றும் இருக்கின்றன. அதோடு, இந்த இடத்தின் எல்லை மதிலாகவே நிற்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடித்தோம் என்ற குழப்பம் வராது. பத்து வருஷம் கழித்து வேறொருவர் வந்து எண்ணினாலும் அதே இடத்தைத்தான் எண்ணுவார். கணக்கெடுப்புக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை.

நம் ஊரில் குளிர்காலம் என்றால் எது?

பனி கொட்டும் மாதங்களை வைத்துப் பார்க்கக் கூடாது. பறவைகளின் வரவை வைத்துப் பார்க்க வேண்டும். சூறைக்குருவியின் முதல் கூட்டங்கள் ஆகஸ்டிலேயே தலைகாட்டலாம். தகைவிலான் செப்டம்பரில் கம்பிகளில் வரிசை கட்டத் தொடங்கும். மரப்பறவைகளில் பெரும்பாலானவை அக்டோபர், நவம்பரில் வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு நடுவே வருவதால் பலர் கவனிப்பதில்லை. மழை ஓய்ந்து மார்கழி, தை வரும்போது ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை நிலையாகக் கிடைப்பது டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை.

வாரம் ஒரு முறை முடியாதவர்கள் இரண்டு கணக்கெடுப்புகளையாவது விடாதீர்கள். ஒன்று, பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடெங்கும் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. மற்றது, பிப்ரவரி நடுவில் உலகெங்கும் நடக்கும் நான்கு நாள் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு. கிறிஸ்துமஸ் நாளில் எண்ணுவதற்கும் பழைய முன்மாதிரி உண்டு. அந்த நாளில் போட்டி போட்டுப் பறவைகளைச் சுடும் வழக்கம் அமெரிக்காவில் இருந்தது. அதற்குப் பதிலாக 1900 டிசம்பர் 25 அன்று எண்ணச் சொன்னவர் ஃபிராங்க் சாப்மன். அன்று 27 பேர் எண்ணினார்கள், அந்தக் கணக்கு இன்றும் தொடர்கிறது. ஆனால் நம் கோவில் வளாகத்தில் டிசம்பர் 25 காலை எண்ணுவது வீண். விடியற்கால ஆராதனை, வெடி, கூட்டம் என்று பறவைகள் எல்லாம் மதிலுக்கு வெளியே போயிருக்கும்.

காலையில் எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்?

ஜனவரி நடுவில் தென்கோடியில் சூரியன் 6:35-ஐ ஒட்டி எழும். 6:15-க்கு வளாகத்தில் இருக்க வேண்டும். முதல் 15 நிமிடம் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். ஆறுமணிக்குருவியும் புள்ளி ஆந்தையும் அந்த நேரத்தில் குரல் கொடுக்கும். பார்த்து எண்ணுவது 6:45 முதல் 7:30 வரை, 45 நிமிடம் போதும். எட்டரைக்கு மேல் பறவைகள் அடங்கத் தொடங்கும், வெயிலில் நிறமும் தெரியாது.

காலைப் பாட்டு ஒலிபெருக்கியில் போடுகிற ஊராக இருந்தால் அது ஓடாத நாளைத் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் அது நின்று 20 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். ஞாயிறு வேண்டாம். சனிக்கிழமையும் பல ஊர்களில் கோவில் கூட்டித் துடைக்கும் நாள். செவ்வாய், புதன் நல்லது. எந்த நாளாக வைத்துக்கொண்டாலும் பருவம் முழுக்க அதே நாளாக, அதே நேரமாக இருக்கட்டும்.

என்னென்ன வேண்டும்?

8×42 பைனாகுலர் ஒன்று. 10 மடங்கு பெருக்கம் உள்ளது இன்னும் நன்றாகக் காட்டும் என்று வாங்குகிறார்கள். கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கும், இலைக்குள் தாவும் கதிர்க்குருவியைத் தேடிப் பிடிக்கவும் சிரமம். புதிதாக வாங்கியதும் வலக்கண் வளையத்தைச் சரிசெய்யுங்கள். வலது பக்கத்தை மூடி இடக்கண்ணால் கல்லறை எழுத்து ஒன்றை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடது பக்கத்தை மூடி, நடுச்சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் வளையத்தை மட்டும் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் தலைவலி என்று பைனாகுலரைக் கழுத்தில் தொங்கவிட்டே திரிகிறார்கள்.

கோடு போட்ட நோட்டு, பென்சில், கைக்கடிகாரம். பேனா மழைத்தூறலில் கரையும். பைனாகுலர் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கிளி, கொண்டைக்குருவி, மாடப்புறா, தகைவிலான் இவற்றைக் கண்ணாலேயே எண்ணலாம். அந்த எண்களுக்கும் மதிப்பு உண்டு.

எப்படி எண்ணுவது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

முதலில் வளாகத்தின் வரைபடம் ஒன்றை ஒரு பக்கத்தில் போடுங்கள். கோவில், மரங்கள், கிணறு, மதில், கம்பிகள் போதும். அதில் ஐந்து நிற்குமிடங்களைக் குறியுங்கள். கோபுரம் முழுதும் தெரியும் முற்றம், பெரிய மரத்தடி, குருமனைத் தோட்டம், தண்ணீர் சொட்டும் குழாயடி, கல்லறைத் தோட்டத்தின் கிழக்கு மதில். கடைசியில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கிழக்கே நின்று மேற்கே பார்த்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். எதிர்வெயிலில் பார்த்தால் எல்லாப் பறவையும் கரிச்சானாகத்தான் தெரியும்.

ஒவ்வொரு இடத்திலும் 5 நிமிடம் நில்லுங்கள். வந்தவுடன் எழுதாமல் முதல் ஒரு நிமிடம் அசையாமல் இருந்தால் கலைந்தவை திரும்பும். அடுத்த இடத்துக்கு மெதுவாக நடந்து போங்கள், நடக்கும்போது கண்டதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொத்தச் சுற்று 300, 400 மீட்டரைத் தாண்டாது.

நோட்டில் தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர், வானம் எப்படி என்று மேலே எழுதுங்கள். கீழே பறவையின் பெயர், கண்டதா கேட்டதா, எண்ணிக்கை, எந்த இடம். எண்ணிக்கையை நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கும் பழைய முறையில் வைத்தால் பிறகு கூட்டும்போது தவறு வராது. வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து எழுதலாம் என்று விட்டால் காகமும் மைனாவும் பாதியாகிவிடும், அபூர்வமான பறவை மட்டும் மறக்காது. பட்டியல் கெடுவது பெரும்பாலும் இப்படித்தான்.

ஒரே பறவையை இரண்டு முறை எண்ணிவிட்டால்?

எல்லோருக்கும் வரும் சந்தேகம். இதற்கு உலகில் இரண்டு வழிகள் இருக்கின்றன. பிரிட்டனில் 1979 முதல் நடக்கும் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில், ஒரு மணி நேரத்தில் ஒரே சமயத்தில் கண்ட மிக அதிக எண்ணிக்கையை மட்டும் எழுதுவார்கள். முதலில் 3 மைனா, பிறகு 5, பிறகு 2 என்றால் எழுதுவது 5. ஒரே இடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது இது நல்ல வழி.

சுற்றி நடக்கும்போது அது பொருந்தாது. அப்போது வெவ்வேறு பறவை என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டும் கூட்டுங்கள். முற்றத்தில் 7 தவிட்டுக்குருவி கல்லறைப் பக்கம் பறந்துபோய், பத்து நிமிடம் கழித்து அங்கே 7 இருந்தால் அவை அதே 7. குருமனைப் பக்கம் இன்னொரு கூட்டம் கத்திக்கொண்டிருக்கும்போதே இங்கே இவை தெரிந்தால் இரண்டு கூட்டம். பழுப்புக் கீச்சான் தனக்கென்று இடம் வகுத்துக்கொண்டு தனியே இருக்கும் பறவை. கிழக்கு மதிலில் ஒன்றும் 150 மீட்டர் தள்ளி மேற்கே உடைமரத்தில் ஒன்றும் பார்த்தால், இரண்டு என்றே எழுதலாம். மேலே பறந்து கடந்துபோகிறவற்றின் திசையைக் குறியுங்கள். கிழக்கே போன 12 கிளிகள் திரும்பி மேற்கே வந்தால் மறுபடி எண்ணாதீர்கள்.

சந்தேகம் தீராவிட்டால் குறைந்த எண்ணை எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே பழக்கத்தில் குறைத்து எழுதினால் ஏற்ற இறக்கம் சரியாகவே தெரியும். ஒரு வாரம் தாராளமாகவும் மறுவாரம் கஞ்சத்தனமாகவும் எண்ணுவதுதான் கணக்கைக் கெடுக்கும்.

சூறைக்குருவிக் கூட்டம் வந்தால் எப்படி எண்ணுவது?

மைனா அளவில், ரோஜா நிற உடலும் கறுப்புத் தலையும் இறக்கையுமாக இருக்கும். சோளக்காட்டில் விழுந்தால் சூறையாடிவிடும், பெயர் வந்தது அதனால். ஆலம்பழம் பழுத்த நாளில் 200, 300 சேர்ந்து முற்றத்து மரத்தில் இறங்கும். இளம் பறவைகள் ரோஜா நிறமில்லாமல் மங்கிய மண் நிறத்தில் இருக்கும். அவற்றைப் பெண் மைனா என்று எழுதிவிடுகிறார்கள். மைனாவில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றே.

மரத்துக்குள் இருக்கும்போது எண்ண முயலாதீர்கள். கிளம்பும்போது எண்ணுங்கள். கூட்டத்தின் ஒரு ஓரத்தில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்திக்கொண்டு, அதே அளவு எத்தனை தடவை அந்தக் கூட்டத்தில் அடங்கும் என்று பாருங்கள். 500-க்கு மேல் இருந்தால் பத்துக்குப் பதில் ஐம்பதை அளவாக வையுங்கள். பறக்கும் பெரிய கூட்டத்தை அநேகமாக எல்லோரும் குறைத்தே மதிப்பிடுவார்கள். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வீட்டில் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். நாலைந்து தடவையில் கண் பழகிவிடும். பட்டியலில் 'நிறைய' என்று எழுத வேண்டாம். சுமார் 250 என்று எழுதுவது எவ்வளவோ மேல்.

மாலையில் தங்க வரும் கிளிகளுக்கும் மைனாக்களுக்கும் வேறு முறை. ஐந்தரைக்கு மரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று, ஆளுக்கு ஒரு திசையாகப் பிரித்துக்கொண்டு, உள்ளே வருவதை மட்டும் எண்ணுங்கள். வெளியே போவதைக் கழியுங்கள். இருட்டும்வரை, அதாவது 6:35 வரை நிற்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் பெருங்கூட்டம் வருவது உண்டு.

வந்த பறவை எது, ஊர்ப்பறவை எது? ஒன்றுபோல இருக்கின்றனவே.

குழப்புவது சில ஜோடிகள்தான். அவற்றைப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

மாங்குயில் இரண்டு உண்டு. தலை முழுதும் கறுப்பாக இருந்தால் கருந்தலை மாங்குயில், அது இங்கேயே இருப்பது. உடலும் தலையும் மஞ்சளாக, கண்ணை ஒட்டி மட்டும் மை தீட்டினதுபோல் கறுப்புக் கோடு இருந்தால் அது வடக்கிலிருந்து வந்தது. இளம் பறவைக்கு வயிற்றில் கோடுகள் இருக்கும், கறுப்பு மங்கியிருக்கும். அப்போது முழுத் தலையும் தெரியும்வரை காத்திருங்கள்.

கரிச்சான், அதாவது இரட்டைவால் குருவி, கம்பியிலும் மாட்டின் முதுகிலும் வெட்டவெளியில் உட்காரும். அலகின் ஓரத்தில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு இருக்கும். குளிர்காலத்தில் வருவது சாம்பல் கரிச்சான். நிறம் கருஞ்சாம்பல், கண் சிவப்பு, வெட்டவெளியைவிட மரத்தின் உச்சிக் கொப்புகளைத்தான் விரும்பும்.

பஞ்சுருட்டானில் சிறிய பச்சைப் பஞ்சுருட்டான் ஊரிலேயே இருக்கிறது. நீலவால் பஞ்சுருட்டான் அதைவிடப் பெரியது, தொண்டை செம்பழுப்பு, வால் நீலம். உயரமான கம்பியிலும் பட்ட கொப்பிலும் கூட்டமாக உட்காரும்.

தகைவிலானையும் உழவாரனையும் சேர்த்து எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு. கம்பியில் உட்கார்ந்திருந்தால் அது உழவாரன் இல்லை, உழவாரனின் கால் கம்பியில் உட்கார உதவாது. பனையைச் சுற்றி மெலிந்த உடலோடு சுழல்வது பனை உழவாரன். பனையோலையின் அடியில் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும் அது நம் ஊர்ப்பறவை. கோபுரத்து விளிம்பின் கீழே கூட்டமாகக் கூடு வைத்து, பிட்டத்தில் வெள்ளையோடு இருப்பது நாட்டு உழவாரன். கம்பியில் வரிசையாக, கழுத்துச் சிவப்பும் அதன் கீழ்க் கருநீலப் பட்டையுமாக இருப்பதுதான் வலசை வந்த தகைவிலான். நெஞ்சில் கோடுகளும் முதுகின் கீழே செம்மஞ்சளும் இருந்தால் செம்பிட்டத் தகைவிலான்.

கதிர்க்குருவிகள்தான் கடினம். புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்கினாற்போல் 'டக்... டக்' என்று விட்டுவிட்டு வந்தால் பிளைத் நாணல் கதிர்க்குருவி. உடல் முழுதும் ஒரே மங்கிய பழுப்பு, அடையாளம் என்று சொல்ல ஒன்றுமே கிடையாது, குரலைத்தான் நம்ப வேண்டும். மரத்தின் மேற்பகுதியில் இலைகளுக்குள் 'ச்சிஸ்வி' என்று இரண்டசையில் கேட்டால் பச்சைக் கதிர்க்குருவி. புதரில் உரக்க, தொடர்ந்து, விடாமல் கத்துவது நம் தையல்சிட்டு. அதற்கு வால் தூக்கியிருக்கும், நெற்றி செம்பழுப்பு.

ஆறுமணிக்குருவியைப் பார்க்கவே முடியவில்லை. எண்ணுவது எப்படி?

பார்க்க வேண்டியதில்லை. காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டி இரண்டு சுரத்தில் சீழ்க்கை அடிக்கும். ஒன்று கூப்பிட்டால் பக்கத்தில் இருப்பது பதில் சொல்லும். ஒரே இடத்தில் நின்று, வரைபடத்தில் குரல் வந்த திசைகளைக் குறியுங்கள். ஒரே சமயத்தில் கேட்ட திசைகளின் எண்ணிக்கைதான் பறவைகளின் எண்ணிக்கை. சிறு வளாகத்தில் ஒன்றோ இரண்டோ தான் இருக்கும்.

பார்த்தே ஆக வேண்டுமென்றால் கல்லறைகளுக்கு இடையே உதிர்ந்த இலைகள் மட்கிக் கிடக்கும் நிழலில், 15 மீட்டர் தள்ளி உட்காருங்கள். முதலில் ஒரு இலை புரளும். பிறகு பக்கத்து இலை. அலகால் இலையைத் தள்ளிவிட்டு, தலையைச் சாய்த்து, அடியில் உள்ள பூச்சியை எடுக்கும். பழுப்பு இலைகளுக்கு நடுவே பச்சை முதுகும் வயிற்றடியில் சிவப்பும் அப்போதுதான் தெரியும், எழுந்து பறந்தால் இறக்கையில் நீலம் பளிச்சிடும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் வருவது இது. அக்டோபரில் வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டுக்குள்ளும் வராந்தாவிலும் விழுந்து கிடப்பது உண்டு. அப்படிக் கிடந்தால் தண்ணீர் புகட்டாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக ஒரு மணி நேரம் வைத்து, புதருக்குப் பக்கத்தில் திறந்துவிடுங்கள். இருட்டிவிட்டால் இரவு முழுக்கப் பெட்டியில் வைத்திருந்து விடிந்ததும் விடுங்கள், தெருப்பூனை பிடிக்காது.

குரலைப் பதிவுசெய்து போட்டால் வெளியே வருமே?

வரும். ஆனால் செய்யாதீர்கள். இன்னொரு பறவை தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேட வேண்டிய நேரத்தில் அது விரட்ட அலையும். கணக்கும் கெடும், இந்த வாரம் கூப்பிட்டு 2, அடுத்த வாரம் கூப்பிடாமல் 0 என்றால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது.

பறவைக் குரலைக் கேட்டு அடையாளம் காட்டும் மெர்லின் செயலி சொல்கிற பெயரை எழுதலாமா?

அது சொன்னதை 'தேடு' என்ற ஏவலாக எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களே பார்த்தோ கேட்டோ உறுதியான பிறகு எழுதுங்கள். கரிச்சான் வல்லூறுபோலக் குரல் கொடுத்து மற்றப் பறவைகளை ஏய்க்கும். செயலியும் ஏமாறலாம். அணில் கத்துவதும் ஒலிபெருக்கிப் பாட்டும்கூட அதைக் குழப்பும்.

பெயர் தெரியாத பறவையை 'கதிர்க்குருவி, இனம் தெரியவில்லை, 1' என்று எழுதுவதில் குறையொன்றும் இல்லை. தவறான பெயரை விட அது உதவும்.

கல்லறைத் தோட்டத்தில் எண்ணும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

ஐயர் என்று அழைக்கப்படும் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்னதாகச் சொல்லி அனுமதி வாங்குங்கள். உபதேசியாருக்கும், காலையில் மணியடிக்க வருகிறவருக்கும் உங்கள் முகம் தெரிந்திருக்கட்டும். எந்த மரத்தில் எப்போது என்ன கத்துகிறது என்று அவர்களுக்கு நிறையத் தெரியும், கேளுங்கள். கல்லறைமேல் ஏறவோ உட்காரவோ பையை வைக்கவோ கூடாது. யாராவது கல்லறையில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் பைனாகுலரைத் திருப்பாதீர்கள், அந்த நிற்குமிடத்தை விட்டுவிட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அடக்க ஆராதனை உள்ள நாளில் கணக்கே வேண்டாம்.

கூட்டைத் தொடுவது, முட்டையை எடுப்பது, கிளிக்குஞ்சைப் பொந்திலிருந்து எடுப்பது எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறுவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மணிக்கூண்டில் கூகை இருக்கிறது, சகுனம் கெட்டது என்று விரட்டச் சொல்கிறார்கள்.

விரட்ட வேண்டாம். இதய வடிவ வெள்ளை முகத்தோடு மணிக்கூண்டில் இருப்பது எலியைத் தின்று வாழும் பறவை. சுற்றிலும் வயல் உள்ள ஊருக்கு அதன் உதவி கொஞ்சநஞ்சமில்லை. எண்ணுவதற்காகக் கூண்டுக்குள் ஏறாதீர்கள். அந்தி மங்கியதும் எதிரே நின்றால் சத்தமில்லாமல் வெளியே வருவதை எண்ணலாம். இருப்பதற்கு அடையாளம் வேண்டுமென்றால் கூண்டின் அடியில் பாருங்கள். கட்டைவிரல் பருமனில் கறுத்த உருண்டைகள் கிடக்கும். பிரித்தால் எலியின் மயிரும் சிறு எலும்பும் மண்டையோடும் அப்படியே இருக்கும். அவை எச்சம் அல்ல, செரிக்காததை வாய்வழியே கக்கியது.

புறாத் தொல்லைக்காகக் கூண்டின் எல்லாச் சன்னல்களுக்கும் வலை அடித்துவிடுகிறார்கள். அடிப்பதற்கு முன் கூகை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளேயே சிக்கிச் செத்துப்போகும். எலி மருந்து வைத்தாலும் அதைத் தின்ற எலிவழியாகக் கூகையைச் சேரும்.

கோவிலில் பண்டிகை வேலைகள் நடக்கும்போது என்ன செய்வது?

இதைத்தான் நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புகிறோம், ஏனென்றால் எண்ணிக்கை திடீரென்று விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் பண்டிகைக்கு முந்தைய துப்புரவு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன்னும் கிறிஸ்துமஸுக்கு முன்னும் கல்லறைத் தோட்டத்தை ஒட்டச் செதுக்கி, இலையைக் கூட்டி எரிப்பார்கள். ஆறுமணிக்குருவியும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டி நடக்கும் கொடிக்கால் வாலாட்டியும் அந்த இலைக்குள்தான் சாப்பிடுகின்றன. இலை போனால் அன்றே அவையும் போய்விடும்.

கல்லறைகளைச் சுத்தமாக வைக்க வேண்டியது நியாயம். அதற்கும் இதற்கும் பொருந்தி வருகிற வழி இருக்கிறது. கல்லறைமேலும் நடைபாதையிலும் உள்ள இலையைக் கூட்டி, எரிக்காமல், மதிலோரம் நான்கடி அகலத்துக்கு நீளமாகப் பரப்பிவிடச் சொல்லுங்கள். அந்த ஓரத்தில் மட்டும் செதுக்க வேண்டாம். பழைய நந்தியாவட்டையையும் நித்தியகல்யாணியையும் விட்டுவிடலாம். சீமைக்கருவேலத்தை அகற்றுவதாக இருந்தால் ஏப்ரலுக்குப் பிறகு, ஒரே நாளில் இல்லாமல் பகுதி பகுதியாக.

சீரியல் விளக்கைக் கோவிலிலும் நட்சத்திரத்திலும் போடுங்கள், பறவைகள் தங்கும் ஆலமரத்தில் வேண்டாம். எல்லோருக்கும் சோறு போடும் அசன நாளன்று எண்ணினால் காகம்தான் மிகும். அந்தப் பட்டியலில் 'அசனம்' என்று குறித்துவிட்டால் பின்னால் பார்க்கிறவர் காரணம் புரிந்துகொள்வார்.

ஒன்றுமே வராத நாளையும் எழுத வேண்டுமா?

கட்டாயம். ஜனவரி முழுக்க இருந்த கீச்சான் பிப்ரவரி இரண்டாம் வாரம் இல்லை என்பதே ஒரு செய்தி. இல்லாத நாளை எழுதாமல் விட்டால், அது இல்லையா, நீங்கள் போகவில்லையா என்று யாருக்கும் தெரியாது.

மழை பெய்யும்போது மட்டும் எண்ண வேண்டாம். தூறல் விட்ட அரைமணி நேரத்தில் இறகு உலர்த்த எல்லாம் வெளியே வரும், அது நல்ல நேரம். மூடுபனியில் குரல் மட்டும் எழுதுங்கள்.

எங்கே பதிவுசெய்வது?

இ-பேர்டு தளத்திலோ அதன் செயலியிலோ. கோர்னல் பல்கலைக்கழகத்தில் 2002-இல் தொடங்கியது, கட்டணம் இல்லை. பொங்கல் கணக்கெடுப்பின் பட்டியல்களும் அங்கேதான் போகின்றன. குறைந்தது 15 நிமிடம் எண்ணியிருக்க வேண்டும். வளாகத்துக்கு முதல் முறை ஒரு இடப்பெயர் உருவாக்கி, ஒவ்வொரு வாரமும் அதையே தேர்ந்தெடுங்கள். ஐந்து பேர் சேர்ந்து எண்ணினால் ஒருவர் பதிவுசெய்து மற்றவர்களுக்குப் பகிர வேண்டும். ஐவரும் தனித்தனியே போட்டால் 7 தவிட்டுக்குருவி 35 ஆகிவிடும்.

கடைசியில், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். காகத்தை விட்டுவிட்டு மாங்குயிலை மட்டும் எழுதினால் 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். 'ஆம்' என்று சொல்லக்கூடிய முழுப்பட்டியல்களுக்கே ஆய்வில் மதிப்பு அதிகம். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2023 அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது இப்படிப்பட்ட சாதாரண ஆட்கள் போட்ட பட்டியல்களை வைத்துத்தான்.

ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாக. எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பறவையை ஒப்படையுங்கள். மைனா உன்னுடையது, கிளி உன்னுடையது என்று பிரித்துக்கொடுத்தால் கண் சிதறாது, தன் பறவையை எவரும் விடமாட்டார்கள். பெரியவர் ஒருவர் மீதியை எண்ணட்டும். குழு எண்ணிய நாளையும் தனியாள் எண்ணிய நாளையும் ஒப்பிடாதீர்கள், எட்டு ஜோடிக் கண்கள் எப்போதும் அதிகம் பார்க்கும்.

ஒரு பருவம் முடிந்ததும் இந்த எண்களிலிருந்து என்ன தெரியும்?

சராசரியைவிட, எத்தனை பட்டியலில் வந்தது என்று பாருங்கள். 20 வாரத்தில் 16-இல் பழுப்புக் கீச்சான் இருந்தால் நூற்றுக்கு 80. அடுத்த வருஷம் 20-இல் 6 என்றால் அது ஒரு நாள் தவறிப்போன கணக்கு அல்ல. எதையாவது வெட்டினோமா, எரித்தோமா, புது விளக்கு போட்டோமா என்று தேடலாம். ஒரு வருஷத்து எண்ணை வைத்து 'குறைந்துவிட்டது' என்று சொல்லாதீர்கள், மழையின் அளவே பெரிய மாற்றத்தைக் கொண்டுவரும். மூன்று பருவமாவது வேண்டும்.

எப்போது நிறுத்துவது?

வலசைப் பறவை கடைசியாகத் தெரிந்த நாளிலிருந்து இன்னும் மூன்று வாரம் எண்ணுங்கள். மூன்று வாரமும் இல்லையென்றால்தான் அந்தக் கடைசி நாள் உண்மையிலேயே கடைசி நாள். பழுப்புக் கீச்சான் ஏப்ரல் வெயிலிலும் மதிலில் உட்கார்ந்திருக்கும். ஆகவே மே முதல் வாரம் வரை போக வேண்டியிருக்கும். முடிந்ததும் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து இருவரிடமாவது வையுங்கள், கோவில் அலமாரியில் வைத்த நோட்டைக் கரையான் தின்றுவிடும்.